அறுபது டன் மேடையில் ஒரு கீரைக்கூடை

எடை மேடை,
அரியலூர் ரோடு, குன்னம் தாண்டி.
செவ்வாய்க்கிழமை, காலை வேளை.

அன்பும் மரியாதையும் கலந்த மாப்பிள்ளை திருமுருகன் அவர்களுக்கு,

உங்கள் அக்காவைக் கட்டிய கொளஞ்சி எழுதுகிறேன். இங்கே நான், உங்கள் அக்கா ராசாத்தி, உங்கள் மருமகள் வெற்றிச்செல்வி, எடை மேடை, எடை மேடையின் கம்ப்யூட்டர் ஆகிய ஐந்து பேரும் ஒரு குறைவுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் வீட்டாரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கம்ப்யூட்டரையும் ஆளோடு ஆளாகச் சேர்த்ததைப் பார்த்து மாமாவுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். போன வாரம் வரைக்கும் இந்த வீட்டில் உடம்புக்கு முடியாமல் கிடந்தது அது ஒன்றுதான். மற்ற நாலு பேரும் அதற்குத்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன் போட்டால் ‘மாமா, மீட்டிங்ல இருக்கேன்’ என்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டதாகவும், நான் பேசியது வெள்ளாடு கத்துவது போல இருந்ததாகவும் நீங்களே அக்காவிடம் சொல்லியிருக்கிறீர்கள். அக்கா அதை என்னிடம் சொல்லாமல் இருப்பாளா? கடிதத்தை வேகமாக ஓட்ட முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். இன்று காலை எனக்கு வேலையும் இல்லை, சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது. அடிக்கட்டும்.

உங்கள் ஆபீசில் வெற்றிச்செல்விக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருப்பதாகவும், மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லவேண்டும் என்றும், ‘எடை மேடையில உக்காந்து அந்தப் புள்ள என்னத்தக் கண்டுச்சு’ என்றும் கேட்டிருந்தீர்கள். மூன்றும் நியாயம்தான். உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களே திங்கட்கிழமை காலையில் எழுந்திருக்க அடம் பிடிக்கின்றன, இவள் வந்தால் உதவியாக இருக்கும் என்றும் சொல்லியிருந்தீர்கள். பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைப் படிக்க மாட்டீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா.

சென்னை வேலையை விட்டுவிட்டு வந்த பிள்ளை நம் எடை மேடைக்குத் தானே ஒரு சாஃப்ட்வேர் எழுதியது உங்களுக்குத் தெரியும். லாரி மேடையில் ஏறியதும் பார்ட்டி பெயரைத் தட்டினால் அந்தப் பார்ட்டியின் பழைய எடைகளெல்லாம் வந்து நிற்கும். வண்டியின் காலி எடை என்ன, போன தடவை என்ன லோடு, எல்லாம் தெரியும். சீட்டை அடித்துக் கொடுத்தால் லாரி இறங்கிப் போய்விடும். பத்து வருஷத்து எடைகளை அதற்குள் ஏற்றியிருக்கிறாள். இது நன்றாக ஓடினால் இந்தப் பக்கத்து எடை மேடைகளுக்கெல்லாம் கொடுத்து இங்கேயே தொழில் செய்வது, ஓடாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மாமாவின் ஆபீசுக்குப் போவது என்று அவளே ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். அந்தக் கோட்டின் மேல் ஏறி நின்றவர் வரதராஜன்பேட்டை குழந்தைவேல். தைலமரக் கட்டைக்கும் மக்காச்சோளத்துக்கும் லாரி விடுகிறவர். நம் மேடையில் ஏறுகிற வண்டியில் பாதி அவருடையது. ஜெயங்கொண்டம் பக்கம் சொந்தமாக இரண்டு எடை மேடை வேறு வைத்திருக்கிறார். ‘பாப்பா, மொதல்ல உன் மேடையில ஓடட்டும். நல்லாருந்தா என் ரெண்டு மேடையிலயும் போட்டுக்கறேன், நாலு பேருகிட்டயும் சொல்றேன்’ என்று வாக்குக் கொடுத்திருந்தார். அவர் சொன்னால் நாலு பேர் இல்லை, நாற்பது பேர் கேட்பார்கள். அவர் வேண்டாம் என்றாலும் அந்த நாற்பது பேரும் கேட்பார்கள். சிக்கல் அங்கேதான்.

இனி கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாச்சாரம். உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆனால் நீங்கள் மேனேஜர் ஆகி வெகுநாள் ஆகிவிட்டதால் மறந்திருக்கும். வெற்றிச்செல்வி எழுதுவது ஒரு பாஷை, டேட்டாபேஸுக்குத் தெரிந்தது வேறு பாஷை. நடுவில் ஓ.ஆர்.எம். என்று ஒரு தரகர். இவள் சொல்வதை அவர் டேட்டாபேஸுக்குப் புரிகிற கேள்வியாக எழுதிக் கொடுப்பார். டேட்டாபேஸ் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் உடனே ஓடிப்போய்த் தேடாதாம். எந்த வழியில் போனால் சீக்கிரம் எடுத்து வரலாம் என்று உட்கார்ந்து யோசித்து ஒரு பிளான் போடுமாம். யோசிக்கவும் நேரம் ஆகிறதல்லவா? அதனால் போட்ட பிளானை மனசில் வைத்துக்கொண்டு, அதே கேள்வி மறுபடி வந்தால் யோசிக்காமல் அதே வழியில் போய் வந்துவிடுமாம். நான் லாரி ஓட்டிய காலத்தில் அரியலூரிலிருந்து திருமழபாடிக்கு முதல் நடை போனபோது வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். அடுத்த நடைக்கு ஒருவரையும் கேட்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். இதற்கு நீங்கள் சென்னையில் நாலு வருஷம் படித்தீர்கள்.

முதல் கோளாறு தரகரிடமிருந்து வந்தது. குழந்தைவேலின் நாலு லாரியைப் பற்றிக் கேட்டால் ஒரு மாதிரியும், ஐந்து லாரியைப் பற்றிக் கேட்டால் இன்னொரு மாதிரியும் கேள்வி எழுதிக்கொண்டிருந்தாராம். டேட்டாபேஸோ எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கிற ஆள். கொஞ்சம் மாறினாலும் ‘இது புதுக் கேள்வி’ என்று மறுபடி தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிடும். இப்படி ஒரே ஒரு தடவை பயன்பட்டுவிட்டு அப்புறம் யாரும் சீந்தாத பிளான்களாகவே அதன் மண்டை நிறைந்துபோய் மேடையே மந்தமாயிற்று. வெற்றிச்செல்வி இதை எனக்குச் சாப்பாட்டு நேரத்தில் விளக்கினாள்.

‘அப்பா, நாலு பேருக்கு ரசம் வைக்கறதுக்கும் அஞ்சு பேருக்கு வைக்கறதுக்கும் அம்மா தனித்தனியா யோசிக்குமா?’

‘உங்கம்மா யோசிச்சு வச்ச மாதிரி எனக்கு ஞாபகமே இல்லையே’ என்றேன். அன்றைக்கு எனக்கு ரசம் வரவில்லை. மோரும் வரவில்லை.

அதை அவள் சரிசெய்துவிட்டாள். எத்தனை லாரி என்கிற பேச்சையே விட்டுவிட்டு, இன்ன பார்ட்டியின் எடைகளைக் கொடு என்று ஒரே கேள்வி. பார்ட்டி பெயர் வருகிற இடத்தில் ஒரு கோடு. கோட்டில் யார் பெயரை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். கேள்வி ஒன்று, பிளான் ஒன்று, ஊருக்கெல்லாம் அதுவே. எனக்குப் பிள்ளைமேல் ஒரு புது மரியாதையே வந்துவிட்டது. ஏனென்றால் மாப்பிள்ளை, பத்தாம் வகுப்பில் என்னைக் கரையேற்றிவிட்டதே அந்தக் கோடிட்ட இடத்தை நிரப்புகதான். மற்றக் கேள்விகளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மாற்றி எழுதிய அன்று மத்தியானம் மேடை பறந்தது. குழந்தைவேல் என்று தட்டி முடிப்பதற்குள் அவருடைய எடைகள் வந்து வரிசையில் நின்றன. உங்கள் அக்கா சந்தோஷத்தில் கேசரி கிண்டினாள். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். (இப்போது இரண்டாவது ஹாரனும் சேர்ந்துகொண்டது. டிரைவர்களுக்குப் பொறுமையே இல்லை. நானும் டிரைவராக இருந்தவன்தான், அதனால் தெரியும்.)

மறுநாள் காலை மேடை படுத்துவிட்டது. சின்னப் பார்ட்டி யார் வந்தாலும் ஓடுகிறது, குழந்தைவேல் பெயரைத் தட்டினால் மட்டும் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்துச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டிரைவர் இறங்கிப்போய் டீ குடித்துவிட்டு வந்தும் சுற்றுகிறது. பின்னால் வந்த லாரிகள் ரோட்டுக்குப் போய் நின்றன. குன்னம் போகிற பஸ்காரர் ஜன்னல் வழியாக என் குடும்பத்தைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார். வெற்றிச்செல்வி வந்து கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போட்டாள். பறந்தது. மறுநாள் காலை மறுபடியும் வட்டம். அவள் உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள், சரி, இந்த வைத்தியம் நமக்கும் தெரியுமே என்று நானே அணைத்துவிட்டுப் போட்டேன். வட்டம். மறுபடி அணைத்துப் போட்டேன். மறுபடியும் வட்டம். ஈரத்தலையோடு அவள் வந்து அணைத்துப் போட்டதும் எடைகள் குடுகுடுவென்று ஓடிவந்தன. அதே ஸ்விட்ச், அதே கம்ப்யூட்டர், கைதான் வேறு. உங்கள் அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, ‘நீங்க அதைத் தொடாதீங்க. உங்க கை அப்படி’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. சூட்டில்தான் மந்தமாகிறது என்று ஒரு டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேராக வைத்தேன். மேஜைமேல் இருந்த எடைச் சீட்டெல்லாம் பறந்துபோய் எதிர்ப் பருத்திக் காட்டில் விழுந்தன. நானும் இரண்டு டிரைவர்களும் காட்டுக்குள் இறங்கிப் பஞ்சு பொறுக்குவது மாதிரி சீட்டுப் பொறுக்கினோம். கரண்ட் ஏறி இறங்குவதால் இருக்கும் என்று ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வந்தேன். அதற்கு ஒரு உறுமல் சத்தம். பக்கத்தில் லாரி ஆன் செய்தே நிற்கிறது என்று நினைத்து இரண்டு நாள் வெளியே போய்ப் போய்ப் பார்த்தேன். உங்கள் அக்கா திருஷ்டிப் பூசணிக்காய் கட்டச் சொன்னாள். கம்ப்யூட்டருக்கு நேர் மேலே கட்டினேன். அது ஒருநாள் மத்தியானம் கீபோர்டின் மேல் விழுந்தது. புதுக் கீபோர்டுக்குப் பெரம்பலூர் போய் வந்தேன். வெற்றிச்செல்வியின் லேப்டாப்பில் அதே கேள்வியைப் போட்டுப் பார்த்தால் சுண்டிவிட்ட மாதிரி பதில் வருகிறது, மேடையில்தான் வட்டம். ‘எங்கிட்ட நல்லாத்தான் ஓடுது’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரிந்தாள். பிள்ளையின் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்துவிட்டது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை குழந்தைவேல் தானே வந்துவிட்டார். சத்தம் போடுகிறவராக இருந்தால் எனக்குப் பயமில்லை. அவர் மெதுவாகப் பேசுகிறவர்.

‘கொளஞ்சி, உன் மேடையில ஏறுனா என் டிரைவருங்க ஒரு தூக்கம் தூங்கி எந்திரிக்கிறானுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்பறம் வண்டிய பைபாஸ் மேடைக்குத் திருப்பிடுவேன். பாப்பா மொகத்துக்காகத்தான் சொல்லிட்டுச் செய்யறேன்.’

‘இல்லைங்க, புள்ள சரி பண்ணிரும்’ என்றேன்.

‘பண்ணட்டும். பண்ணுனா எனக்கும் சந்தோசந்தான்’ என்று சொல்லிவிட்டு, தலைக்கு மேல் ஆணியில் தொங்கிய வெறும் கயிற்றைப் பார்த்தார். பூசணிக்காய் எங்கே என்று கேட்கவில்லை. பெரிய மனுஷன்.

அன்று சாயங்காலம் வெற்றிச்செல்வி பரண்மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். ‘மாமாகிட்ட வரேன்னு சொல்லிரும்மா’ என்று அம்மாவிடம் சொன்னாள். அழவில்லை, கோபமும் இல்லை, ரேஷன் கடைக்குப் போகிறேன் என்பது போலச் சொன்னாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. உங்கள் வீட்டுக்கு வருவதில் எனக்கு என்ன வருத்தம் இருக்கப்போகிறது மாப்பிள்ளை, நீங்கள் தாய்மாமன், உரிமைக்காரர். ஆனால் தோற்றுப்போய் வருவதும் ஜெயித்துவிட்டு வருவதும் ஒன்றில்லையே. உங்கள் அக்காவை உங்களுக்குப் போன் போடவிடாமல் வெள்ளிக்கிழமை வரைக்கும் தடுத்து வைத்தது நான்தான். அவளுடைய போன் நாலு நாள் காணாமல் போனது என்று சொன்னாளே, அது அரிசிப் பானைக்குள் இருந்தது.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாததுமாக வெற்றிச்செல்வி என்னோடு மேடைக்கு வந்து உட்கார்ந்தாள். ‘இன்னைக்கு முழுக்க நீ என்னென்ன செய்யறியோ செய்ப்பா. நான் சும்மா பாக்கறேன்’ என்றாள். நான் வழக்கம்போல மெயின் ஸ்விட்சைப் போட்டேன், ஊதுபத்தி காட்டினேன், மொபெட் சத்தம் கேட்டதும் மேடைக்குக் குறுக்கே கட்டியிருந்த சங்கிலியை அவிழ்த்தேன். முத்தாயி வந்தாள். முத்தாயியை உங்களுக்குத் தெரியாது. நம் மேடைக்குப் பின்புறம் கீரை போட்டிருக்கிறாள். தினமும் விடிகாலையில் எக்ஸெல் மொபெட்டில் கீரைக்கூடையைக் கட்டிக்கொண்டு குன்னத்துக்குப் போவாள். மேடை திறந்த நாளில் தற்செயலாக முதலில் அதன்மேல் ஏறிப் போனவள் அவள்தான். அன்று பொழுது சாய்கிறவரை வண்டி நிற்காமல் வந்தது. அதிலிருந்து நமக்குப் போணி அவள் கையால்தான். அறுபது டன் மேடையின் நடுவில் மொபெட்டை நிறுத்துவாள், நான் அவள் பெயரைக் கம்ப்யூட்டரில் அடித்துச் சீட்டெடுப்பேன், அதை அவள் கீரைக்கட்டில் செருகிக்கொண்டு போவாள்.

‘ஏப்பா கொளஞ்சி, சீக்கிரம் அடி. கீரை வாடுது.’

வெற்றிச்செல்வி எழுந்து நின்றுவிட்டாள். ‘அப்பா, இது என்னது?’

‘போணி.’

‘தெனமுமா?’

‘பின்ன, வாரத்துக்கு ஒரு தடவையா போணி பண்ணுவாங்க?’

‘கம்ப்யூட்டர்லயும் அடிப்பியா?’

‘போணின்னா ஏற வேணாமா அதுல?’

‘ராத்திரி மெயினை ஆஃப் பண்ணிடறியா?’

‘ஆளில்லாத ரூமுக்கு எதுக்குக் கரண்ட்டு?’

‘பகல்ல நீ அணைச்சுப் போடுவியே, அப்ப?’

‘அப்பவும் முத்தாயி பேரைத்தான் மொதல்ல அடிப்பேன். புதுசாத் தொறக்கறோம்ல.’

அவள் வெளியே வந்து அப்படியே மேடைமேல் உட்கார்ந்துவிட்டாள். எடைப்பெட்டியில் எண் ஏறியது. ‘பாப்பாவையும் சேத்து அடிச்சுறாத, சீட்டு தப்பாப் போயிரும்’ என்றாள் முத்தாயி.

பிறகுதான் எனக்கு விளங்கியது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் அது மனசில் வைத்திருந்த பிளானெல்லாம் மறந்துபோகும். அப்புறம் முதலில் யார் பெயர் கோட்டில் விழுகிறதோ, அந்தப் பெயரை மோந்து பார்த்து, அந்த ஆளுக்குத் தோதாக ஒரு வழியைப் போட்டு வைத்துக்கொள்ளும். ‘கம்ப்யூட்டர் மோந்து பாக்குமா?’ என்றேன். ‘அதுக்குப் பேரே அதுதாம்ப்பா, இங்கிலீஷ்ல ஸ்னிஃபிங்’ என்றாள். முத்தாயிக்கு இருப்பது ஏதோ கொஞ்சம் சீட்டு. அதை எடுக்க ஒற்றையடிப் பாதையில் போய் ஒவ்வொன்றாகக் கையில் கொண்டுவந்தால் போதும். அந்தப் பாதையையே மனசில் வைத்துக்கொண்டு, அடுத்து வருகிற குழந்தைவேலின் மலையத்தனை எடைகளையும் அதே பாதையில் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது பாவம். ஒரு லாரித் தைலமரத்தை ஒற்றைக் கட்டையாகத் தோளில் சுமந்து வந்தால் எத்தனை நேரம் ஆகும்? வெற்றிச்செல்வி அணைத்துப் போட்டபோதெல்லாம் மேடைமேல் நின்ற குழந்தைவேல் லாரியின் பெயரை அடித்திருக்கிறாள், லேப்டாப்பிலும் அவர் பெயரைத்தான், அதனால் பறந்தது. நான் அணைத்துப் போட்டபோதெல்லாம் பக்தியோடு முத்தாயியை அடித்திருக்கிறேன், அதனால் படுத்தது. இத்தனை நாளும் பிள்ளையின் பிழைப்பில் தினமும் விடிகாலையில் குளித்துவிட்டு வந்து மண்ணைப் போட்டிருக்கிறேன்.

ஆனால் தப்பு தெரிந்தால் திருத்திக்கொள்கிறவன் நான். வெற்றிச்செல்வி லேப்டாப்பை எடுக்க வீட்டுக்குப் போன நேரத்தில், இவ்வளவுதானே சங்கதி என்று அணைத்துப் போட்டு, குழந்தைவேல் பெயரில் போணி செய்துவிட்டேன். அவருடைய லாரிகள் சல்லென்று போயின. பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு பருத்தி டெம்போ வந்தது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. அதற்குப் பின்னால் சின்ன வெங்காயம் ஏற்றிய டிராக்டர், அதற்குப் பின்னால் இன்னொரு டிராக்டர். பெரிய பார்ட்டிக்குப் போட்ட வழி என்னவென்றால், மொத்தக் குவியலையும் அடியிலிருந்து நுனி வரை ஒரு தடவை புரட்டுவது. புரட்டப் புரட்டக் குழந்தைவேல் சீட்டாகவே வரும், சின்னப் பார்ட்டிக்கோ அத்தனையும் புரட்டினால்தான் ஒன்றிரண்டு கிடைக்கும்; அதையே எல்லாருக்கும் செய்கிறது. ஒரு கைப்பிடி கீரை பறிக்கக் கொல்லை முழுவதையும் உழுத மாதிரி. அவள் அணைத்துப் போட்ட நாட்களிலும் சின்ன வண்டிகள் இப்படி நின்றிருக்கும், நாங்கள்தான் குழந்தைவேல் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெங்காயக்காரர் எட்டிப் பார்த்து, ‘அண்ணே, வெங்காயம் மொளச்சு வந்துரும்போல இருக்குண்ணே’ என்றார். வெற்றிச்செல்வி வந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து நாற்காலியிலிருந்து எழுப்பி, கட்டிலில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். பிடித்த விதத்தில் மரியாதை இருந்தது.

அப்புறம் அவள் செய்ததுதான் சரியான வைத்தியம். இந்த ஒரு கேள்வியை மட்டும் தரகரிடம் விடாமல் தன் கையாலேயே டேட்டாபேஸ் பாஷையில் எழுதினாள். ‘இதுக்கு மட்டும் பிளானை மனசுல வச்சுக்காத. ஒவ்வொரு தடவையும் பேரைப் பாத்துப் புதுசா யோசி’ என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். மற்றக் கேள்விகளெல்லாம் பழையபடி தரகர் வழியாகவே போகலாம், அங்கே அவர் கெட்டிக்காரர்தானாம்.

‘ஒவ்வொரு தடவையும் யோசிச்சா நேரம் ஆவாதா?’ என்றேன் கட்டிலிலிருந்து.

‘ஆவும்ப்பா. கண்ணு சிமிட்டற நேரம். தப்பு வழியில போய்ச் சுத்தறதுக்கு ஒரு நிமிசம் நின்னு வழி கேட்டுட்டுப் போறது மேல் இல்லையா?’

இதை ஒரு பழைய லாரி டிரைவரிடம் சொல்கிறாள்.

வெள்ளிக்கிழமை குழந்தைவேல் தன் லாரியிலேயே முன் சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கினார். நான் முத்தாயியைத் தூரமாக அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். வெற்றிச்செல்வி விடவில்லை. ‘அந்தம்மாதான் மொதல்ல ஏறணும். எதனால படுத்துச்சோ அதை வச்சுத்தான் பாக்கணும்’ என்று மெயினை அணைத்துப் போட்டு, முத்தாயியை மேடையில் ஏற்றி, சீட்டு அடித்து இறக்கினாள். குழந்தைவேல் கையில் டீயோடு பார்த்துக்கொண்டே இருந்தார். ‘யாரு இந்தம்மா?’ என்றார். ‘போணிங்க’ என்றேன். தலையை ஆட்டினார். அடுத்தது அவருடைய லாரி. நான் மேலே தொங்கிய வெறும் கயிற்றைப் பார்த்துக் கும்பிட்டேன். உங்கள் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வெற்றிச்செல்வி பெயரைத் தட்டினாள். வட்டம் வரவேயில்லை. எடைகள் வந்து நின்றன, சீட்டு அடித்தது, லாரி இறங்கியது, அடுத்தது ஏறியது, அதுவும் இறங்கியது. குழந்தைவேல் டம்ளரைப் பார்த்தார். டீ பாதிகூடக் குறையவில்லை.

‘டீ குடிக்கக்கூட விடமாட்டேங்கிறியே பாப்பா’ என்றார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு வராது. அடுத்த மாதம் அவருடைய இரண்டு மேடையிலும் நம் சாஃப்ட்வேர் ஏறுகிறது. பெட்டி பரண்மேல் ஏறிவிட்டது. நானே ஏற்றினேன், இந்த முறை நன்றாக உள்ளே தள்ளி வைத்திருக்கிறேன்.

ஆகையால் மாப்பிள்ளை, பதில் இதுதான். வெற்றிச்செல்வி வரவில்லை. நீங்கள் பிடித்து வைத்த இடத்துக்கு எங்கள் நன்றி. அதை வேறு நல்ல பிள்ளைக்குக் கொடுங்கள். ‘மாமா கோச்சுக்குவாரா?’ என்று அவள் கேட்டாள். ‘மீட்டிங்ல இருக்கறவங்களுக்குக் கோவிக்க நேரம் ஏது’ என்றேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த அனுபவத்துக்குப் பிறகு நான் கைராசி, போணி இதையெல்லாம் அடியோடு விட்டுவிட்டேன். முதலில் யார் வந்தால் என்ன, கடைசியில் யார் வந்தால் என்ன? மேடைக்கு எல்லாரும் எடைதான். உங்கள் மாமா இப்போது முழுக்க முழுக்க விஞ்ஞான மனிதன் என்று உங்கள் நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். (மூன்றாவது ஹாரன். இது பஸ் போல இருக்கிறது.)

குழந்தைகளுக்கு எங்கள் முத்தம். உங்கள் வீட்டுத் தங்கச்சிக்கு, அக்கா வெங்காய வடகம் போட்டு வைத்திருப்பதாகச் சொல்லவும். பொங்கலுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், கூரியரில் அனுப்ப மாட்டாளாம், ஆள் வந்தால்தான் உண்டாம். உங்கள் கம்ப்யூட்டர்கள் திங்கட்கிழமையும் எழுந்திருக்க, உங்கள் மீட்டிங்குகள் சீக்கிரம் முடிய, எல்லா நலமும் வளமும் உங்கள் வீட்டில் ஏறி, இறங்காமலே தங்க எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் அக்கா வீட்டுக்காரர்,
மே. கொளஞ்சி.

பின்குறிப்பு: சீசன் நேரத்துக் காலையில் இவ்வளவு நீளக் கடிதம் எழுத நேரம் எப்படிக் கிடைத்தது என்று உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். மறைப்பானேன். முத்தாயி இன்னும் வரவில்லை. வண்டி பஞ்சராம். போணி ஆகாமல் சங்கிலியை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை, அதுதான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கையெழுத்துப் போடும்போது வெற்றிச்செல்வி வெளியே வந்து, ரோடு வரைக்கும் நிற்கிற லாரிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எனக்கே வெட்கமாகி எழுந்துபோய் அவிழ்த்துவிட்டேன். அவிழ்த்து என்ன பிரயோஜனம்? முன்னால் நின்ற குழந்தைவேல் லாரி ஏறவில்லை. டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு, ‘அந்தம்மா வரட்டும்ண்ணே. அவங்க ஏறாத மேடையில வண்டிய ஏத்தாதன்னு மொதலாளி சொல்லியிருக்காரு. அவங்களுக்குத்தான் ஹாரன் அடிச்சுக்கிட்டிருக்கோம்’ என்கிறான். வெற்றிச்செல்வி நேராகக் குழந்தைவேலுக்குப் போன் போட்டு, பிளான், தரகர், மோந்து பார்ப்பது எல்லாம் விளக்கினாள். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: ‘நல்ல சாஃப்ட்வேர்தான் பாப்பா, நான் இல்லங்கல. ஆனா அந்தம்மா ஏறி எறங்குன பொறவுதானே ஓடுச்சு, நான் கண்ணால பாத்தேனே. என் ரெண்டு மேடைக்கும் அவங்களையும் சேத்தே அனுப்பு.’ அதோ, முத்தாயி வண்டியைத் தள்ளிக்கொண்டு வளைவில் வருகிறாள். எல்லா ஹாரனும் ஒன்றாக அடிக்கிறது. நான் போக வேண்டும். மேலே நான் எழுதியதில் ஒரு திருத்தம்: நீங்கள் பிடித்து வைத்திருக்கும் இடத்தை இப்போதைக்கு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். உங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர்களைத் திறப்பதற்கு முன் மொபெட் ஏறி இறங்க வசதி இருக்கிறதா என்று விசாரித்து எழுதவும். திங்கட்கிழமை மட்டும் வந்தால் போதுமென்றால் முத்தாயியை நான் சம்மதிக்க வைக்கிறேன். கீரை வாடுவதற்குள் விட்டுவிட வேண்டும்.